யாருக்கெல்லாம் தேதி கொடுத்திருக்கிறோம்?

போன நவராத்திரிக்கு முந்தின வாரம். ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போனில் என் பாட்காஸ்ட்டைக் கேட்டபடி சுடுமண் ஜிமிக்கிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். முடித்துப் பார்த்தால் ஜோடியில் ஒன்று மயில்நீலம், மற்றது பச்சை. கோபமோ அழுகையோ வந்திருந்தால் பரவாயில்லை. எதுவுமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பகலில் கோவையில் ஒரு மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்துக்கு நாலு வேலை: ஜிமிக்கி ஆர்டர், வாராவாரம் பாட்டி கதை பாட்காஸ்ட், அக்டோபர் வந்தால் இங்க்டோபர் என்ற இணையச் சவாலுக்கு மையில் படங்கள், விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்பு (எழுத்துப்பிழை திருத்துவது).

என்னைப் போல இந்த மிச்ச நேர வேலைகளைக் குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் ஒவ்வொன்றும் விழுங்கும் முழு நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். ஜிமிக்கி உருட்ட முக்கால் மணிதான். ஆனால் நாலு நாள் நிழலில் காய வேண்டும், அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். உமியும் வறட்டியும் போட்டுச் சுட ஒரு ஞாயிறு போய்விடும். அப்புறம் பெயின்ட், கூரியர், "அக்கா, இன்னும் வரலீங்களே" என்று வரும் மெசேஜ்கள். 18 நிமிட பாட்காஸ்ட்டுக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது.

அடுத்து, யாருக்குத் தேதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். காசும் கைத்தட்டும் இல்லாத விக்கிமூலத்தைத்தான் முதலில் விடுவதாக இருந்தேன். நோட்டைப் பார்த்தபின் மனசு மாறியது. அங்கே நான் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து சரிபார்த்தால் பச்சையாகும். நான் ஆறு மாதம் காணாமல் போனாலும் பக்கம் அப்படியே இருக்கும். என்னை எழுப்பி உட்கார வைத்தது மற்ற மூன்றும்தான். 2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை, அதாவது உழைத்து உழைத்து மனம் சோர்ந்து மரத்துப்போவதை, வேலை சார்ந்த ஒன்றாக வரையறுத்தபோது, ஆசைக்குச் செய்கிற நமக்கென்ன என்று நினைத்தேன். அட்வான்ஸ் வாங்கிய அன்றைக்கே ஆசை வேலையாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, நான் வெட்டியது தேதிகளை. பாட்காஸ்ட்டில் இப்போது ஆறு பகுதி பதிவு செய்து முடித்த பிறகே முதலாவதை வெளியிடுகிறேன். ஆறாவதின் கடைசியில் "இத்தோடு இப்போதைக்கு நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். அடுத்தது எப்போது என்று சொல்வதில்லை. இங்க்டோபருக்கு 31 நாளில் 31 படம் என்று மாரடித்திருக்கிறேன். 2009இல் அதைத் தொடங்கிய ஜேக் பார்க்கரின் விதியிலேயே ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் ஒன்று என்ற சலுகைகள் உண்டு. விதியை முழுசாகப் படிக்காதது என் தப்பு.

ஜிமிக்கிதான் கஷ்டமாக இருந்தது. இனி ஆர்டர் கிடையாது. செய்து முடித்ததைப் படம் எடுத்துப் போட்டு விற்பது மட்டும். தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸை மூன்று பேருக்குத் திருப்பி அனுப்பினேன். ஒருவருக்கு நல்ல கோபம். நீங்கள் இப்படி எழுதலாம்: "மன்னிச்சுக்கோங்க, தீபாவளிக்கு முடிக்க முடியாதுங்க. பணம் அனுப்பிட்டேன், வந்துச்சான்னு பாருங்க." காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் அதற்கொரு தீர்வோடு வருவார்கள். உடம்பு சரியில்லை என்று பொய்யும் வேண்டாம், வாராவாரம் நலம் விசாரிப்பார்கள்!

மீந்த நேரத்தில் முதல் இரண்டு வாரம் போனைத்தான் தேய்த்தேன். தேய்க்கலாம், தப்பில்லை. "சும்மாதானே இருக்கே, நிச்சயதார்த்தத்துக்கு ரெண்டு செட்டு செஞ்சு கொடேன்" என்று வரும் சொந்தக்காரர்களிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

சாமான்களை மட்டும் விற்றுவிடாதீர்கள். களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். காய்ந்து கட்டியானாலும் சுடாத மண்தானே, உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி பிசையலாம். என் பக்கெட்டில் இப்போது அரைக் கிலோ ஊறிக்கொண்டிருக்கிறது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.