இணையத்தில் வலைவிரிப்பவர்களைப் பற்றி இளையோர் நாவல் எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்பருவத்தினருக்கான கதைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இணையத்தில் பிள்ளைகளை வளைத்துப் போடும் ஆட்களைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள், நல்லதுதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நடை, எழுத்துப்பிழை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மெசேஜிலேயே வழிகிறவன்

அப்படி ஒருவன் வந்தால் எந்தப் பெண்ணும் பிளாக் செய்துவிட்டுப் போய்விடுவாள். நிஜத்தில் வருகிறவன், கணக்குப் பரீட்சை எப்படிப் போச்சு என்று மறக்காமல் கேட்பவன், அதுவும் வீட்டில் யாருமே கேட்காத நாளில். கேம் சாட்டில் தொடங்கிய பேச்சு வேறு ஆப்புக்கு நகர்வதும், "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்ற முதல் சின்ன ரகசியமும்தான் கதையின் திருப்பங்கள்.

மாட்டுவது பெண்பிள்ளைகள் மட்டும்

இல்லை. பையன்களிடம் அந்தரங்கப் படம் வாங்கி, பணம் கேட்டு மிரட்டுவதும் நடக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும், ஆணோ பெண்ணோ, குழந்தை என்றே சொல்கிறது.

போனைப் பிடுங்கி முடியும் கடைசி அத்தியாயம்

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. கதை முழுக்க அந்த ஆள் என்ன சொல்லி அவள் வாயை அடைக்கிறான்? "வீட்டுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிருவாங்க, ஸ்கூலை விட்டு நிறுத்திருவாங்க, உன்னைத்தான் திட்டுவாங்க." அவனுடைய ஆயுதமே இந்தப் பயம்தான். சரி, கடைசியில் அவள் எப்படியோ அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அடுத்த பக்கத்திலேயே அப்பா ஓங்கி அறைகிறார், போன் பீரோவுக்குள் போகிறது, அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறாள், சுபம். அவன் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுத்தாளரே நடத்திக் காட்டிவிடுகிறார்.

ஒரு நூலகத்தில் இப்படி முடிகிற கதையை வாசித்தோம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்ப அவ சொல்லாமலே இருந்திருக்கலாமே சார்?" என்று கேட்டாள். எழுதியவர் "அப்படியில்லம்மா..." என்று ஆரம்பித்து, மேலே சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிட்டார். அந்தப் பிள்ளை கதையைச் சரியாகத்தான் படித்திருந்தாள்.

அப்பா கோபப்படட்டும், இயல்புதான், ஆனால் அது தப்பான இடத்தில் விழுகிற கோபம் என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நீ சொன்னது நல்லதாப் போச்சு, தப்பு பண்ணது அவன்" என்று அம்மா சொல்ல இடம் கொடுங்கள். அம்மாவால் முடியாதென்றால் சித்தி, டீச்சர், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் பேசுகிறவர் என்று யாராவது ஒருவர் சொல்லட்டும். இதே நிலையில் மாட்டிக்கொண்ட பிள்ளை ஒன்று உங்கள் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம், யாரிடம் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கடைசி அத்தியாயம் வரைக்கும் வரும்.

அந்தரங்கப் படத்தை வர்ணிப்பது

வேண்டாம். ஒரு வரிகூட.

ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில்

போக்சோ சட்டப்படி குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். சுடிதாரில் வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பேசும் ஒரு எஸ்.ஐ.யை எழுதிப் பாருங்கள்.

சாட்டை அழித்துவிடும் நாயகி

வெட்கத்தில் அழிக்கத்தான் தோன்றும். அழிப்பதற்கு முன்னால் தோழி ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "இருக்கட்டும்டி, அவனை மாட்ட வைக்க இதுதான் சாட்சி" என்று சொல்லட்டும்.