விடிய விடிய வேலையா? கணக்கு பிசகாமல் இருக்கச் சில வழிகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மல்லி வந்து இறங்குமுன் நான் கடையில் இருக்க வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி என்றால் தூக்கம் என்ற பேச்சே கிடையாது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி என்று மற்ற ராத்திரி வேலைக்காரர்களுக்கும் உதவும்.

முதலில், "நான் நல்லாத்தான்ணே இருக்கேன்" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆட்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை 14 நாள் தொடர்ந்து, ராத்திரிக்கு 6 மணி நேரமோ 4 மணி நேரமோ மட்டும் தூங்க விட்டுச் சோதித்தார்கள். கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. 4 மணி நேரக்காரர்கள் கடைசியில், இரண்டு ராத்திரி கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களையே கேட்டால், அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை என்றார்கள். தராசே பிசகிய பிறகு அதில் எதை நிறுத்துப் பார்ப்பது? அதனால் சரிபார்க்கும் வேலையை உங்கள் தலைக்கு வெளியே வையுங்கள்.

கூட்டல், கழித்தல் சட்டென்று கெட்டுவிடாது. பழகின வேலையைக் கை பாட்டுக்குச் செய்யும். அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நடுவில் ஏதாவது மாறினால்தான் தடுமாற்றம் தெரியும். கிலோ 800 என்று போய்க்கொண்டிருந்த மல்லி திடீரென்று 1,100-க்கு ஏறும். வாய் புது விலையைச் சொல்லும், கை பழைய விலையை எழுதும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கிறது. தூக்கம் கெட்டால் அது சீக்கிரம் தளர்ந்துவிடும்.

நான் என்ன செய்கிறேன் என்றால், விலை மாறினதும் நோட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டு, மணியையும் புது விலையையும் பெரிதாக எழுதிவிட்டுப் புதுப் பக்கம் திருப்பிவிடுவேன். பெரிய சீட்டு எதையும், எடை போட்டவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லாமல் கிழித்துக் கொடுப்பதில்லை. முதலாளிக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அவரே கேட்கிறார்.

கடன், முன்பணம், பேரம் எதுவானாலும் ராத்திரி 3 மணியிலிருந்து 5 மணிக்குள் முடிவு சொல்லாதீர்கள். உடம்புச் சூடு குறைந்து, தூக்கம் அமுக்கும் நேரம் அது. தூங்காத மனசுக்கு வரப்போகிற லாபம் பெரிதாகத் தெரியும், நஷ்டம் கண்ணில் படாது. "விடியட்டும்ணே, பேசிக்கலாம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டீயைப் பற்றி ஒரே விஷயம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டுகிறது. டீயில் இருக்கும் காஃபின் அதன் வேலையை மறைக்குமே தவிர, சேர்ந்ததைக் குறைக்காது. அந்தக் காஃபினில் சுமார் பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியம் படுக்கப் போகிறவர் கடைசி டீயை விடிவதற்குள் முடித்துக்கொள்வது நல்லது. இதைவிட நல்ல வழி, டீயைக் குடித்த கையோடு 20 நிமிடம் சாக்கு மேல் சாய்வது. எழும்போது டீயும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். எழுந்ததும் கால் மணி நேரத்துக்குக் கணக்கைத் தொடாதீர்கள், அந்த மயக்கத்தில் எழுதினால் தப்பு வரும்.

வண்டி விஷயத்தில் நான் கறார். 24 மணி நேரம் விழித்திருந்தால் வரும் மந்தம், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் சாராயம் இருக்கும்போது வரும் மந்தத்துக்குச் சமம். நம் சட்டம் விட்டிருப்பது 30 மில்லிகிராம்தான்! ரிங் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் சொக்கினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போங்கள். டோக்கன் காசு ஒன்றும் பெரிதில்லை.

வீட்டுக்கு வந்தால் பகல் தூக்கம், அதுவும் மதுரைச் சித்திரை வெயிலில். வரும் வழியில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் வெளிச்சம் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். சிலிண்டர்காரர் வந்தால் எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுத் தூக்கம் பகலில் ஒரேயடியாகக் கிடைக்காவிட்டால், சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் இன்னொரு தூக்கம் போட்டு 7 மணி நேரத்தைத் தேற்றுங்கள். முகூர்த்த வாரம் முழுக்கக் கெட்ட தூக்கத்தை ஒரு லீவு நாளில் ஈடு கட்ட முடியாது. அந்த வாரம் முடிந்தும் மூன்று, நான்கு நாளைக்கு என் நோட்டை இன்னொருவர் பார்த்த பிறகுதான் பேரேட்டில் ஏற்றுகிறேன்.