மலையூரிலிருந்து பேஸ்பால் பயிற்சியாளர் ஆவது எப்படி: அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களின் பணிவாழ்க்கை காட்டும் வழி

பள்ளி, கல்லூரிக் காலத்தில் விளையாடிவிட்டு, மைதானத்தை விட்டுப் போக மனமில்லாமல் பயிற்சியாளராக விரும்பும் நீலகிரி, கொடைக்கானல் இளைஞர்களுக்கும், தம் பள்ளியில் பேஸ்பால் அணி தொடங்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டுரை. நம் பக்கத்தில் இந்த விளையாட்டுக்கு முன்னோடிகள் குறைவு. ஆகவே அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் எப்படி உருவானார்கள் என்று படித்து, நமக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் உச்ச நிலையான மேஜர் லீக் தொழில்முறை அணிகளை நடத்துகிறவர்களைவிட இவர்களே நமக்கு நெருக்கமானவர்கள். ஏனென்றால் இவர்கள் கைக்கு வருகிறவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், மூன்று நான்கு ஆண்டுகளில் கையைவிட்டுப் போய்விடுகிறவர்கள்.

முதல் வேலை, ஒரு பயிற்சியாளரின் பணிவாழ்க்கையைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்வது. பெரும்பாலோர் வெற்றிக் கணக்கையும் கோப்பைகளையும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய செய்தி அதற்கு முந்தைய வரிகளில்தான் இருக்கும்: ஆட்டக்காரராக எத்தனை காலம் நீடித்தார், விளையாட்டை நிறுத்திய பிறகு முதல் ஐந்தாறு ஆண்டுகள் எங்கே, யாருக்குக் கீழே வேலை பார்த்தார், அந்த நாளில் சோற்றுக்கு என்ன செய்தார்.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராட் டீடோவை எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டில் மேஜர் லீகின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். ஆட்டக்காரர் என்ற வகையில் அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் அதிகமில்லை. ஆனால் 1942 முதல் 1986 வரை அந்தப் பல்கலைக்கழக அணியை நடத்தி, 1,332 வெற்றிகளையும், கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தைப் பதினொரு முறையும் அவர் பெற்றார். அவற்றுள் 1970 முதல் 1974 வரையிலான ஐந்தும் தொடர்ச்சியானவை. (சக பயிற்சியாளர் சாம் பாரியுடன் சேர்ந்து அவர் வென்ற 1948ஆம் ஆண்டின் முதல் பட்டத்துக்கான ஆட்டத்தில், தோற்ற யேல் அணியின் தலைவராக இருந்தவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ்.) ஆகவே மாவட்ட அணியைத் தாண்டி ஆடாத ஒருவர் பயிற்சியாளராகத் தகுதி இல்லை என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு கல்லூரிப் பயிற்சியாளரான ஆகி கரிடோவின் பாதை இன்னும் பயனுள்ளது என்பது என் கருத்து. ஃபிரெஸ்னோ ஸ்டேட் கல்லூரி அணியின் ஆட்டக்காரராக 1959ஆம் ஆண்டில் தேசிய இறுதிச் சுற்றுவரை சென்றவர் அவர். பின்பு கிளீவ்லாந்து அணியின் கீழ்நிலைக் குழுக்களில் சில ஆண்டுகள் ஆடியும் மேஜர் லீகை எட்டவில்லை. அதன் பிறகு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயிற்சியாளரானார். 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட், அடுத்து கால் பாலி, 1973இல் கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் என்று படிப்படியாக மேலேறினார். ஃபுல்லர்டனில் 1979, 1984, 1995 ஆகிய ஆண்டுகளிலும், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 2002, 2005 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். பள்ளி மைதானத்தில் தொடங்கியவருக்கு முதல் பட்டம் கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டினோ, ஆட்டத்தை விட்டபின் பள்ளியில் உடற்கல்வி கற்பித்து, இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்து, 1975இல் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே துணைப் பயிற்சியாளராகி, 1980இல்தான் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நாற்பது பருவங்களில் 2,029 வெற்றிகள். ஒவ்வொரு பருவத்திலும் அவர் அணி தேசியப் போட்டித்தொடருக்குத் தேர்வாயிற்று. பதினேழு முறை ஒமாஹா நகரில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குச் சென்றும் பட்டம் மட்டும் கிட்டவேயில்லை. கோப்பையை வைத்து மட்டும் ஆளை எடைபோடுகிறவர்களிடம் மார்ட்டினின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

எண்களைப் படிக்கும்போது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே முதல் நிலைக் கல்லூரிகளின் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கி, இறுதிச் சுற்றுக்குச் செல்லும் அணிகளுக்கு ஜூன் வரை நீளும். வழக்கமான பருவத்தில் ஓர் அணி ஆடக்கூடிய ஆட்டங்கள் 56. நெடுங்காலம் ஓர் அணி முழுவதற்கும் 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் அனுமதிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கால், அரை என்று பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நான்காண்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களை, மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அல்லது 21 வயது ஆனதும், தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டு போய்விடலாம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்விட, ஆண்டுதோறும் அணியைப் புதிதாகக் கட்டும் நம் உடற்கல்வி ஆசிரியருக்கு இந்த நெருக்கடி புதிதல்ல. அங்கே அதற்குக் கண்ட வழி, கீழ் வகுப்பிலேயே ஒவ்வோர் இடத்துக்கும் அடுத்த ஆளைப் பழக்குவது. இங்கே ஏழாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம்.

துணைப் பயிற்சியாளர் காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரி பேஸ்பாலில் 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, கல்லூரியிடம் சம்பளம் வாங்காத தன்னார்வத் துணைப் பயிற்சியாளர் என்றே ஓர் இடம் இருந்தது. கோடைக்கால முகாம்களில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வரும் பணத்தில் நாளைக் கழித்தவர்கள் பலர். பின்னர் விதி மாறி, அந்த இடம் சம்பளம் பெறக்கூடியதாயிற்று. நீங்கள் தொடங்கும்போதும் ஏறக்குறைய இந்த நிலைதான் இருக்கும். ஆகவே ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை அணுகி, வாரம் மூன்று மாலை உதவிக்கு வருவதாகச் சொல்லுங்கள். ஆனால் முடிவுத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேல் காசில்லாமல் உழைத்தால், பிறகு கேட்பது கடினமாகிவிடும். அந்த ஓராண்டில் ஸ்கோர் எழுதவும் நடுவராக நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். விதியைப் படித்து அறிவது வேறு. நடுவராக நின்று ஒரு கணத்தில் தீர்ப்புச் சொல்வது வேறு. பள்ளி வேலையே குறிக்கோள் என்றால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குச் சென்று, தேர்வுப் போட்டிகள் எப்போது நடக்கின்றன என்று கேட்டு வைப்பதும் அவசியம்.

இனி மைதானத்துக்கு வருவோம். முழு அளவுக் களத்தில், ஓடுகிறவர் தொட வேண்டிய தளம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர், பந்து எறியும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்கு அமெரிக்காவின் லிட்டில் லீக் அளவுகளான 60 அடியும் 46 அடியும் போதும். நம் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமன் செய்தவை. ஒருபுறம் மண்சுவர், மறுபுறம் பள்ளம். ஹோம் பிளேட்டைப் பள்ளத்தின் பக்கம் வைத்து, அடிக்கும் பந்து மண்சுவரை நோக்கிப் போகும்படி களத்தை வரையுங்கள். திருப்பி வைத்தால் ஒரு மாலைக்குள் இருக்கிற பந்தெல்லாம் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விடும். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுவார்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மீன் வலையாவது கட்டாயம் வேண்டும்.

பருவத்தை ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். உதகை, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம். ஏப்ரல், மே சீசனில் நகரத்து மைதானங்கள் வேறு பயன்பாட்டுக்குப் போய்விடக்கூடும். ஜனவரி முதல் மார்ச் வரையே நமக்கு உண்மையான ஆட்டக்காலம். அப்போது ஆண்டுத் தேர்வும் குறுக்கே வரும் என்பதால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நம்பித் திட்டமிடாதீர்கள். ஜனவரிக் காலையில் தலைக்குந்தா போன்ற இடங்களில் உறைபனி புல்லில் படிந்திருக்கும். தோல் பந்து ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும், கை விறைத்திருக்கும். வெயில் ஏறிய பிறகு எறியச் சொல்லுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் எறிதலை உடனே நிறுத்தி, ஓட்டப் பயிற்சிக்கு மாறுங்கள். காட்டெருமை நடமாடும் பகுதிகளில் வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் போகும் கடைசிப் பேருந்தின் நேரமே உங்கள் பயிற்சி முடியும் நேரம்.

உயரத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்து வெகுதூரம் பறப்பதற்குப் பேர்போன டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் உயரே அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். சுழற்றி எறியும் கர்வ் பந்து குறைவாகவே வளையும். மலையில் பழகிய அணி சமவெளிக்கு ஆடப் போகும்போது, தளங்களுக்கு அப்பால் அவுட்ஃபீல்டில் நிற்பவர் பந்து தலைக்கு மேல் போகும் என்று பின்வாங்க, அது முன்னாலேயே விழும். பிட்சருக்கோ தம் பந்து வழக்கத்தைவிட அதிகமாக வளைவது குழப்பமாக இருக்கும். போட்டிக்கு முந்தின நாளே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஒரு மணி நேரம் உயரப் பந்து பிடிக்கும் பயிற்சி கொடுத்தால் இந்தத் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

உங்களிடம் வரும் பிள்ளைகள் எல்லோரும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடியவர்களாகவே இருப்பார்கள். அது நல்லதுதான்; கண்ணும் கையும் பழகியிருக்கும். மாற்ற வேண்டியவை சில. பந்தின் தையல் குதிரை லாடம் போல வளைந்திருக்கும் இடத்தைத் தேடி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்தத் தையலுக்குக் குறுக்கே விழும்படி வைத்து, கட்டைவிரலை நேர் கீழே கொடுத்து, உள்ளங்கையில் பந்து படாதபடி பிடிக்கச் சொல்லுங்கள். இப்படிப் பிடித்த பந்து நேராகப் போகும். பள்ளங்குழியுள்ள நம் மைதானத்தில் முதல் தளத்தில் நிற்பவருக்கு இது பேருதவி. அடுத்தது ஓட்டம். அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தால் கிரிக்கெட்டில் போல ஓடலாமா வேண்டாமா என்று நிற்க முடியாது, ஓடியே ஆக வேண்டும். மட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. முதல் வாரம் பாதிப் பிள்ளைகள் மட்டையோடுதான் ஓடுவார்கள். அடித்ததும் மட்டையைப் பக்கவாட்டில் கீழே விட்டுவிட்டு ஓடுவதை, பந்தே இல்லாமல், வரிசையாக நிற்க வைத்துப் பழக்குங்கள். வீசி எறிய விடாதீர்கள். பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் உட்கார்ந்திருக்கிறார்.

நல்ல பயிற்சியாளரை அடையாளம் காட்டும் இடம் பிட்சரின் தோளும் முழங்கையும். மேஜர் லீக் பேஸ்பாலும், அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்டுள்ள வழிகாட்டலின்படி, 11–12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேலும், 13 முதல் 16 வயதுப் பிள்ளை 95 பந்துக்கு மேலும் எறியக் கூடாது. பதினான்கு வயதுக்குள் இருப்பவர் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்திருந்தால் நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை என்றால் மூன்று நாள். ஆகவே ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர், தேதி, வயது, எறிந்த பந்துகள், அடுத்து எறியலாகும் தேதி என்று ஐந்து கட்டம் போட்டு, ஆட்டத்தில் இறங்காத ஒரு பிள்ளையை எண்ண வையுங்கள். தலைமையாசிரியரே வந்து இறுதி ஆட்டத்துக்கு ஓய்வில் இருக்கும் பிள்ளையையே எறியச் சொல் என்றாலும், நோட்டைக் காட்டி மறுக்க அது கைகொடுக்கும். அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டோர்னமென்ட்டில் வேகப்பந்து வீசியிருந்தால் அதையும் கேட்டுக் கணக்கில் சேருங்கள்.

வேறு விளையாட்டிலிருந்து வருகிறவர்களை ஒதுக்காதீர்கள். 2008ஆம் ஆண்டில் மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்த இந்திய இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்தவர்கள். அவர்களைப் பழக்கிய டாம் ஹவுஸ், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்து, மேஜர் லீகில் பந்து எறிந்து, பின்பு பயிற்சியாளரானவர். பெண் பிள்ளைகளையும் பெண் பயிற்சியாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியின் ஆண்கள் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜஸ்டின் சீகல், 2015இல் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணியால் குறுகிய காலப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். மேஜர் லீக் அமைப்பு ஒன்றில் அப்படி அமர்ந்த முதல் பெண் அவர்.

கடைசியாகப் பிழைப்பு. டீடோ சரக்கு லாரி நிறுவனம் நடத்தியவர். அதனால் ஆண்டுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவுச் சம்பளத்துக்கு அவரால் பயிற்சி கொடுக்க முடிந்தது. நமக்கு லாரி நிறுவனம் இல்லை. ஹோம்ஸ்டே வேலையோ, தோட்டக் கணக்கோ, டியூஷனோ, மாலை மூன்றரைக்கு முடிகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளியில் சேர்ந்தால் மாதத் தொகை, பயிற்சி நாட்கள், பயணப்படி, பிள்ளைக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முதல் பந்தை எறியச் சொல்லுங்கள்.