டாஸ்க் மேனேஜரில் தெரியாத ஒரு பெயர்: நிறுத்துவதற்கு முன் விசாரிக்கும் வழி

எந்த மென்பொருளையும் திறக்கவில்லை, பிரவுசர்கூட மூடித்தான் இருந்தது. ஆனாலும் என் பழைய மடிக்கணினியின் ஃபேன் அரை மணி நேரமாக இரைந்துகொண்டே இருந்தது. கணினியில் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கேள்விப்பட்டே இராத ஒரு பெயர் சிபியுவில் 25 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைரஸ்தான் என்று உடனே முடிவு கட்டினேன். அது தப்பு. உண்மையில் அது என்ன என்று கண்டுபிடித்த விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே வழிதான். மெனுவில் ஒரு சொல் இங்கே அங்கே மாறியிருக்கலாம்.

படி 1: உண்மைப் பெயரைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். முதலில் வரும் 'ப்ராசஸஸ்' (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நமக்காக அழகுபடுத்திய பெயர். அந்த வரியின் மேல் ரைட் கிளிக் செய்து 'கோ டு டீடெய்ல்ஸ்' கொடுத்தால், ஃபைலின் நிஜப் பெயர் உள்ள வரிக்கே கொண்டுபோய் விடும்.

அங்கே ஒரு சின்ன வேலை செய்துகொள்ளுங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக், 'செலக்ட் காலம்ஸ்', அதில் 'கமாண்ட் லைன்' என்பதற்கு டிக். இனி ஒவ்வொரு ப்ராசஸும் எந்த ஃபோல்டரிலிருந்து, என்ன உத்தரவோடு கிளம்பியது என்று முழு வரியாகத் தெரியும். இந்த ஒரு நெடுவரிசையைப் பார்த்தே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

இதே பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 சதவீதம் என்று காட்டும். பயப்பட வேண்டாம். சிபியு அவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதற்கான கணக்கு அது. அந்த எண் பெரிதாக இருந்தால் நல்லது.

என் கதைக்கு வருகிறேன். அந்தக் கணினியில் 4 கோர், அதாவது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதிகள். ஒரு ப்ராசஸ் ஏறாமல் இறங்காமல் 25 சதவீதத்திலேயே நின்றால், ஒரு கோர் முழுக்க அதன் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். உருப்படியான வேலை நடந்தால் அளவு ஏறி இறங்கும். இப்படி ஒரே கோடாக நிற்பது, நிரல் எங்கேயோ ஒரு முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொண்டதற்கான அடையாளமாக இருக்கலாம்.

படி 2: எங்கே குடியிருக்கிறது?

பெயரை நம்பாதீர்கள், ஃபைலுக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைக்கலாம். இருக்கும் இடத்தைப் பாருங்கள். வரியின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் எஸ்விசிஹோஸ்ட். புதிதாகப் பார்ப்பவர்களை அதிகம் மிரட்டுவது இதுதான், ஏனென்றால் பட்டியலில் டஜன் கணக்கில் இருக்கும். பின்னணியில் ஓடும் விண்டோஸின் பல சேவைகள் தனியாக ஓட முடியாத டிஎல்எல் ஃபைல்களாக இருக்கின்றன. அவற்றை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிதான் எஸ்விசிஹோஸ்ட். முன்பு ஒரே வண்டியில் பல சேவைகள் போகும். ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் கவிழும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி வண்டி. அதனால்தான் இத்தனை வரிகள். எந்த வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய, ரைட் கிளிக் செய்து 'கோ டு சர்வீசஸ்' கொடுத்தால் போதும்.

அசல் எஸ்விசிஹோஸ்ட் இருக்கும் இடம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32. 32 பிட் பதிப்பு என்றால் சிஸ்வாவ்64. அதே பெயரில் ஒன்று டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ இருந்து ஓடினால், நிச்சயம் விவகாரம்தான். எழுத்தையும் கூர்ந்து பாருங்கள். போலிப் பெயரில் ஆங்கில 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். எல்சாஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ப்ராசஸின் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய 'எல்'. அதற்குப் பதிலாகப் பெரிய 'ஐ' போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருப்பதெல்லாம் கெட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். அரட்டைச் செயலிகள் போன்ற பல நல்ல மென்பொருள்கள் அங்கேதான் தங்களை நிறுவிக்கொள்கின்றன.

என் சந்தேக ஆசாமியின் ஃபோல்டரைத் திறந்தேன். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள், ஒரு பிரிண்டர் கம்பெனியின் பெயரில் ஃபோல்டர். அந்தப் பிரிண்டரை இன்னொருவருக்குக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது! அதனோடு வந்த துணை மென்பொருள் மட்டும் இன்னும் இங்கே உட்கார்ந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறது.

படி 3: கையெழுத்து

அதே ஃபைலில் ரைட் கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. யார் வெளியிட்டார்கள் என்று அங்கே இருக்கும். பெயரைத் தேர்ந்தெடுத்து 'டீடெய்ல்ஸ்' அழுத்தினால் கையெழுத்து செல்லுமா என்றும் சொல்லும். அந்தப் பக்கமே இல்லையென்றால் உடனே முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றுக்குக் கையெழுத்து ஃபைலுக்குள் இருக்காது, தனிப் பட்டியலில் இருக்கும். தனிநபர்கள் எழுதும் சின்ன இலவச மென்பொருள்கள் பலவற்றில் கையெழுத்தே இருக்காது.

படி 4: சும்மா விட வேண்டியவர்கள்

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்பது டிஃபெண்டர், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்பது அப்டேட் வேலை. 'சர்ச் இண்டெக்சர்' உங்கள் ஃபைல்களுக்குத் தேடல் பட்டியல் போடுகிறது. மூன்றும் அவ்வப்போது கணினியைப் பிழிந்தெடுக்கும், அப்புறம் தானாக அடங்கும். சார்ஜரைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

எல்சாஸ், 'கிளையன்ட் சர்வர் ரன்டைம் ப்ராசஸ்' போன்றவற்றில் கையே வைக்காதீர்கள். முதலாவதை நிறுத்தினால் கணினி ரீஸ்டார்ட் ஆகும், இரண்டாவதை நிறுத்தினால் நீலத்திரை.

படி 5: நிறுத்துவது

'எண்ட் டாஸ்க்' என்பது அந்த நேரத்துக்கான மருந்து. சேமிக்காத வேலை இருந்தால் அதோடு போய்விடும், அடுத்த முறை கணினியைத் திறந்தால் அதே ப்ராசஸ் திரும்ப வந்து நிற்கும். நான் அதைத்தான் முதலில் செய்து ஏமாந்தேன். சரியான வழி, செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அந்த மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்வது. மென்பொருள் வேண்டும், ஆனால் தானாக எழுந்து வர வேண்டாம் என்றால், டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் 'டிஸேபிள்'. பிரிண்டர் மென்பொருளை நீக்கிய பிறகு என் கணினியில் ஃபேன் சத்தமே இல்லை.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் போகவில்லையா?

ஒரே ஃபைலைப் பல வைரஸ் ஸ்கேனர்களிடம் காட்டும் 'வைரஸ்டோட்டல்' தளத்தில் சோதியுங்கள். ஃபைலையே ஏற்றுவதற்கு முன் அதன் கைரேகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் 'ஹேஷ்' என்ற அடையாளக் குறியீட்டை) மட்டும் கொடுத்துப் பார்ப்பது என் பழக்கம். ஃபைல் வெளியே போகாது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 'காப்பி ஆஸ் பாத்' மூலம் எடுத்த முகவரியை ஒட்டி என்டர் அடித்தால் 64 எழுத்துகள் வரும். அதைத் தளத்தின் தேடல் கட்டத்தில் போடுங்கள். 70-க்கும் மேற்பட்ட ஸ்கேனர்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் அது தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். இருபது முப்பது காட்டினால் ஃபைல் கெட்டதுதான். 'இப்படி ஒன்று இல்லை' என்று வந்தால், யாரும் இன்னும் சோதிக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

இதெல்லாம் கைவேலையாகத் தோன்றினால் 'ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்' இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் இலவசக் கருவி, 2006 முதல் மைக்ரோசாஃப்ட் வசம். எந்த ப்ராசஸை எது கிளப்பிவிட்டது என்று மரம்போல் காட்டும். அதன் 'ஆப்ஷன்ஸ்' மெனுவிலேயே வைரஸ்டோட்டல் சோதனையும் உண்டு.

கெட்டது என்று உறுதியானால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் கிளம்பும் முன்பே சோதனை நடக்கும். ஒளிந்துகொள்ள அந்த நிரலுக்கு வாய்ப்புக் குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளை அதற்கு முன்பே சேமித்துவிடுங்கள்.