காலில் முள், இடுக்கில் நெறி: டி செல் விழிப்பதை வரைந்து பார்ப்போம்

பாதத்தில் முள் குத்திச் சீழ் பிடித்தால், சில நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். காரணம் புரிய ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: தாளின் அடியில் பாதம், மேலே, தொடை இடுக்கில், அவரைவிதை போல ஒரு நிணநீர்க்கணு. இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அது நிணநீர்க்குழாய்.

படி 2: பாதத்தின் தோலில், கிளைகள் நீட்டிய ஒரு டென்ட்ரிடிக் செல்லை வரையுங்கள். 1973இல் ரால்ஃப் ஸ்டெயின்மனும் சான்வில் கோனும் விவரித்த செல் இது. இதன் 'டோல்' வகை ஏற்பிகளில், நம் செல்களில் இல்லாத பாக்டீரியாப் பொருள்கள் வந்து ஒட்டும். உடனே இது கிருமியை விழுங்கித் துண்டாக்கி, குழாய் வழியே கணுவுக்குப் புறப்படும்.

படி 3: கணு நிறைய வட்டங்கள் போடுங்கள். அவை டி செல்கள், கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள். இந்தக் கிருமித் துண்டுக்குப் பொருந்துவது லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான். அதற்கு மட்டும் நிழலிடுங்கள்.

படி 4: இங்கே நிதானமாக வரையுங்கள். இரு செல்களுக்கும் நடுவே இரண்டு கோடுகள் வேண்டும். எம்எச்சி என்ற புரதம் ஏந்திக் காட்டும் துண்டை டி செல்லின் ஏற்பி பற்றுவது முதல் கோடு. டென்ட்ரிடிக் செல்லின் மேலுள்ள பி7 என்ற புரதம், டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதத்தைத் தொடுவது இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ பாடத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. நம் சொந்தப் புரதத்தின் துண்டும் எம்எச்சியில் ஏறும். அதற்குப் பொருந்தும் டி செல்லும் அங்கே இருந்துவிடலாம். ஆனால் பி7 ஏராளமாக முளைப்பது கிருமியை உணர்ந்த பிறகே. இரண்டாம் சைகை கிடைக்காத டி செல் மரத்துப்போகிறது. நம் உடல் தப்புகிறது.

படி 5: இரண்டும் கிடைத்தால் டி செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, செல்லைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதம் சுரக்கிறது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், புது உறுப்பை உடல் எதிர்க்காதிருக்க உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அடைப்பது இந்தக் கால்சியம் வழியைத்தான். ஏறத்தாழ ஒரு நாள் கழித்துச் செல் பிரியத் தொடங்கும்; பத்து முறை இரட்டித்தால் ஒன்று 1,024 ஆகும். கணுவில் வந்து தங்கும் செல்களும் இப்படிப் பெருகும் செல்களும் சேர்ந்ததே நம் விரலில் தட்டுப்படும் நெறி.

படி 6: கணுவிலிருந்து இரத்தம் வழியாகப் பாதத்துக்கு ஓர் அம்பு போடுங்கள். அங்கே இறங்கும் டி செல்லுக்கு ஒரு கோடு வரைந்தால் போதும். துண்டைக் கண்டதுமே அது வேலையைத் தொடங்கிவிடும்.