டிஃபெக்டே வராத தையல் லைனைக் கண்டால் கொஞ்சம் பயப்படுங்கள்

பனியன் கம்பெனிகளில் புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்துகளை இப்போது இவர்கள் லேப்டாப் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். கத்துவது, சம்பளத்தை இழுத்தடிப்பது எல்லாம் தப்பு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். தப்பென்றே தெரியாமல் செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

லேட்டா வந்தால் அபராதம்

இஸ்ரேலின் ஹைஃபாவில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். க்னீஸி, ருஸ்டிச்சினி இருவரின் ஆய்வு, 2000இல் வெளியானது. தாமதம் கூடியதுதான் மிச்சம். டீச்சர் காத்திருப்பாரே என்ற கூச்சம் போய், காசு கட்டிவிட்டோமே என்ற தைரியம் வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை.

டிஃபெக்ட் கணக்கு குறைந்ததும் கைதட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஒரு கம்பெனியில் புது மேனேஜர் பெரிய போர்டு மாட்டினார். யார் மெஷினில் எத்தனை டிஃபெக்ட் என்று சிவப்பு மையில், பெயரோடு. காலை மீட்டிங்கில் அதை வாசித்து, “ஏம்மா, கண்ணு தெரியலையா?” என்பார். ஒரே மாதத்தில் எண்ணிக்கை சரிந்தது. முதலாளிக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஷிப்மென்ட்டுக்கு முன், சரக்கை வாங்கும் பையரின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்தால், எல் சைஸ் டீ-ஷர்ட்டில் எம் லேபிள். மொத்த லாட்டும் மறுபடி செக்கிங்குக்கு வந்தது. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது; லாபமும் அதோடு போனது. ஹெல்பர் அக்கா ஒருவர் முதல் நாளே கவனித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா போர்டுல எங்க டெய்லர் பேருதானே சார் ஏறும்?”

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் நர்ஸ் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்தார். பதிவான கணக்கோ தலைகீழாக இருந்தது. அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் அமுக்கினார்கள். 1996இல் வந்த கட்டுரை இது. அந்த மேனேஜருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். படித்தாரா, தெரியாது.

லைனில் சொல்லும் கணக்கையும் ஃபைனல் செக்கிங்கில் ஒதுக்கிய பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது மட்டும் குறைகிறதென்றால் யாரோ மறைக்கிறார்கள். போர்டில் மெஷின் நம்பர் போதும், பெயர் எதற்கு?

ஆளைக் குறை சொல்வது

க்ளூகர், டிநிசி என்ற ஆய்வாளர்கள் இருவர், வேலை செய்பவரிடம் குறை நிறை சொல்வது பற்றிய பழைய ஆய்வுகளை 1996இல் தொகுத்துப் பார்த்தார்கள். குறை நிறை சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை இன்னும் மோசமாகியிருந்தது. “உனக்குக் கவனமே இல்லை” என்று சொல்லாதீர்கள். “இந்த ஓவர்லாக் மெஷினில் தையல் விடுது” என்று சொல்லுங்கள்.

ஹாத்தார்ன் கதை

அமெரிக்காவின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1920களில் நடந்த சோதனையில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியதாம். லெவிட், லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2011இல் பழைய தரவைத் தேடியெடுத்து அலசினார்கள்; கதை அப்படியே நிற்கவில்லை. உங்கள் ட்ரெய்னிங் ஸ்லைடிலிருந்து அதைத் தூக்கிவிடுங்கள்.