பழைய கடைவீட்டுச் சுவரில் கை வைக்கும் முன்

மலேசியாவில் தோட்டங்களை நம்பி வளர்ந்த பட்டணங்களின் பெரிய சாலையில் இன்னும் நிற்கும் கடைவீடுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் எங்கே பார்த்தாலும் கீழே செங்கல், மேலே செங்கல் அல்லது பலகை, முன்னால் காக்கி லீமா என்னும் கூரையிட்ட நடைபாதை, நடுவில் ஒரு முற்றம், இரு பக்கமும் அண்டை வீட்டோடு பங்குபோட்ட 9 அங்குலச் சுவர். புதிதாக வாங்கியவர்களும் சரி, தாத்தா காலத்திலிருந்து வைத்திருப்பவர்களும் சரி, செய்யும் முதல் தவறு குத்தகையாளரை, அதாவது கட்டட வேலை எடுத்துச் செய்பவரை, முதலில் கூப்பிடுவது. முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட மன்றம். அடுத்து பார்க்க வேண்டியது கூரை, அதற்கடுத்து சாக்கடை. சுவர் அதன் பிறகு. வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

மன்றத்தில் என்ன கேட்பது

திட்டமிடல் பிரிவில் உங்கள் லோட் எண்ணை (மனை எண்ணை) கொடுத்து, ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனும் உள்ளூர்த் திட்டத்தில் அந்த நிலம் எந்த வட்டாரத்தில் வருகிறது என்று கேளுங்கள். ஸோன் வாரிசான் (பாரம்பரிய வட்டாரம்) என்றோ பெமுலிஹாராஆன் (பாதுகாப்பு) என்றோ குறித்திருந்தால், முகப்பு, உயரம், கூரை வடிவம், விளம்பரப் பலகை ஆகியவற்றுக்குத் தனி நிபந்தனைகள் இருக்கும். அவற்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் அரசிதழில் பதிவாகியிருந்தால் மன்றத்தின் அனுமதி மட்டும் போதாது, பாரம்பரிய ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். அப்படிப் பதிவானவை தோட்டப்புறப் பட்டணங்களில் குறைவு. பட்டியலில் இல்லை என்பதால் இஷ்டத்துக்கு இடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

நகர், கிராமத் திட்டமிடல் சட்டமான சட்டம் 172 இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. வேலை உட்புறத்தோடு நின்று, வெளித்தோற்றம் மாறாமல், உயரமும் தரைப்பரப்பும் கூடாமல், பயன்பாடு மாறாமல், வடிகாலைப் பாதிக்காமல் இருந்தால் கெபெனாரான் மெரஞ்சாங், அதாவது திட்டமிடல் அனுமதி, தேவையில்லை. இந்தக் கோட்டைத் தாண்டினால் தேவை. அனுமதியின்றிச் செய்தால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம், இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. இது ஒரு பக்கம். சுவரை இடிப்பது, பின்னால் அடுக்களை நீட்டுவது, முற்றத்தை மூடுவது போன்றவற்றுக்குத் தெரு, வடிகால், கட்டடச் சட்டமான சட்டம் 133இன் கீழ் கட்டட வரைபட ஒப்புதல் தனியாக வேண்டும். வரைபடத்தைப் பதிவுபெற்ற வல்லுநர்தான் சமர்ப்பிக்க முடியும். ஓடு மாற்றுவது, காரை பூசுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மன்றங்கள் சிறு பணி பெர்மிட் கொடுக்கும். "இதுக்கெல்லாம் பெர்மிட் வேணாம் பாஸ்" என்று குத்தகையாளர் சொன்னால், அதை மன்றமே எழுதிக் கொடுக்கட்டும்.

போகும்போது முகப்பின் நேர்ப்படம், காக்கி லீமாவின் இரு முனைகளிலிருந்து எடுத்த படங்கள், கூரையின் உட்புறம், சேதமான இடங்கள் எல்லாவற்றையும் படமெடுத்துக் கொண்டுபோங்கள். ஜன்னல், கதவு, தூண் அளவுகளை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். பிறகு தச்சருக்கும் அதுவே உதவும். கிராண்டில் (நிலப் பட்டாவில்) நிலத்தின் நிபந்தனை குடியிருப்பா வணிகமா என்றும் ஒருமுறை பாருங்கள். பலர் அதைப் படித்ததே இல்லை.

கூரையும் சாக்கடையும்

ஓட்டைக் கழற்றும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். நல்லவற்றை முன்சரிவில் போட்டு, புதியவற்றைப் பின்சரிவுக்கு ஒதுக்குங்கள், தெருவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டால் செலவு குறையும், மதியச் சூடும் மழைச் சத்தமும் கூடும். பின்கட்டில் அலையலையான சாம்பல் நிறத் தகடுகள் இருந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தக் காலத்துத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் வாய்ப்பு அதிகம். நனைத்து, முழுத்தகடாகக் கழற்றி, அதற்கென உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

சாக்கடையில் உள்ள சிக்கல் வேறு. பல தடவை தார் போட்டதில் சாலை உயர்ந்திருக்கும், காக்கி லீமாவும் மேலே மேலே ஓடு ஒட்டி உயர்ந்திருக்கும். வீட்டின் தரை மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கும். சுவரடியில் தண்ணீர் தேங்க இதுவே போதும். சுவரை ஒட்டி ஒரு முழக்கோலை வைத்து வெளித்தரை உள்தரையைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். வெளித்தரை மேலே இருந்தால், உங்கள் எல்லைக்குள் வரும் தரையைப் பழைய மட்டத்துக்கு இறக்குவதுதான் முதல் வைத்தியம். பொதுவழியையும் சாக்கடையையும் தொட மன்றத்தின் அனுமதி வேண்டும்.

சுவர்: நேரம் பிடிக்கும் வேலை

பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மண்ணிலிருந்து ஓதம் ஏறும், சுவர் முகத்தில் ஆவியாகிப் போகும். சுண்ணாம்புக் காரை இதற்கு வழிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு உள்ளேயே படிந்து, படிகமாகி, பருத்து, செங்கலின் முகத்தையே உரித்துக்கொண்டு காரையைத் தள்ளிவிடும். "சிமெண்டு போட்டா அசையாது" என்பது உண்மைதான், அது அசையாமல் நிற்பதால் செங்கல்தான் பொடியாகிறது. பளிங்கு ஓடு ஒட்டினால் இன்னும் மோசம். இடுப்பு உயரத்தோடு நின்ற ஓதம், ஓடு முடிகிற இடத்துக்கு மேலே போய் வெளிப்படும். வழி கிடைக்காமல் ஏறிக்கொண்டே போனால் மேல்மாடி உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனை அழுகும். மாடித் தரை சரிந்த பிறகுதான் வீட்டுக்காரர் கவனிப்பார்.

செய்முறை இது. உப்பு பூத்த உச்சிக் கோட்டிலிருந்து ஒரு முழம் மேலே வரை சிமெண்டுக் காரையைக் கொத்தி எடுங்கள். உளியும் சுத்தியலும் போதும், மின்சார உடைப்பான் வேண்டாம், அது செங்கலைப் பிளக்கும். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் துடைத்து, கீழே விரித்த பிளாஸ்டிக்கில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு சுவரைச் சும்மா விடுங்கள். ஓர் அங்குலத் தடிமன் காய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு, 9 அங்குலச் சுவருக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் காத்திருக்க யாருக்கும் மனசு வராது. முழுக்கக் காயாவிட்டாலும் சுண்ணாம்பு பூசலாம். அந்த முதல் காரை உப்பை உறிஞ்சிக்கொண்டு ஓரிரு ஆண்டில் உதிரும், அதை உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு வாங்குவதில் ஒரு பொறி உண்டு. தோட்டங்களுக்கு விற்கும் விவசாயச் சுண்ணாம்பு, அதாவது செம்பனைக்கும் ரப்பருக்கும் போடும் ஜி.எம்.எல்., வெறும் அரைத்த கல். அது பிடிக்கவே பிடிக்காது. விலை மலிவு, மூட்டையும் ஒரே மாதிரி இருக்கும், பூசி ஒரு மாதம் ஆனாலும் விரலால் கீறினால் மாவாகக் கொட்டும். உங்களுக்குத் தேவை சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. தூளாகக் கிடைத்தால் தண்ணீரில் ஊறவைத்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்குமாறு மூடி வையுங்கள். குறைந்தது ஒரு நாள், மூன்று மாதம் கிடந்தால் இன்னும் நன்று. கலக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி மருத்துவமனைக்குப் போங்கள்.

மணல் கூராக, பல அளவு துகள்கள் கலந்ததாக இருக்க வேண்டும். கடல்மணல் வேண்டாம், உப்பை நாமே கொண்டுவந்து பூசினதாகும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுக்க வையுங்கள். மேலே படியும் சேற்றடுக்கு மணலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், மணலைக் கழுவியே ஆக வேண்டும்.

கலவை 1 பங்கு சுண்ணாம்புக் களி (அப்படி ஊறிய சுண்ணாம்பு), 3 பங்கு மணல். பத்துச் சதுர மீட்டர் சுவரில் 20 மில்லிமீட்டர் பூச 20 லிட்டர் வண்ணவாளியில் 4 வாளி களியும் 12 வாளி மணலும் பிடிக்கும், சிந்துவதையும் சேர்த்து. தண்ணீர் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். களியிலுள்ள ஈரமே போதும், கலக்கக் கலக்கத் தானே இளகும். கரணையைக் கவிழ்த்தால் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம்.

சுவரை முந்தின நாள் மாலையும் பூசும் காலையும் நனையுங்கள். ஈரம் உறிஞ்சியிருக்க வேண்டும், பளபளவென்று நிற்கக் கூடாது. முதல் பூச்சு 10 மில்லிமீட்டர், அழுத்தி எறிந்து, ஆணிப்பலகையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகியதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில், இரண்டாவது 8 மில்லிமீட்டர். கடைசிப் பூச்சு மெல்லியது, 2 அல்லது 3 மில்லிமீட்டர், பொடிமணலோடு. ஒவ்வொரு பூச்சுக்கும் ஈரக் கோணிச் சாக்கைச் சுவரைத் தொடாமல் முன்னால் தொங்கவிட்டு, ஐந்து நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகுகிறது, அதற்கு மெல்லிய ஈரம் வேண்டும். மேற்கு பார்த்த முகப்பில் மதிய வெயில் பட்டால் தலைமயிர்போல விரிசல் விழும். விழுந்தால் பயப்படாதீர்கள், அன்றைக்கே நனைத்து மரப்பலகையால் தேய்த்தால் மூடிவிடும். மறுநாள் என்றால் மூடாது.

வேலைக்கு நல்ல காலம் மேற்குக் கரையில் ஜனவரி, பிப்ரவரி, அல்லது ஜூன், ஜூலை. தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறவர்கள் அக்டோபர், நவம்பர் மழையில் ஈரக் காரையோடு விருந்தாளிகளை வரவேற்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கமாக இருந்ததில் நியாயம் இருக்கிறது.

வண்ணமும் மூச்சு விடுவதாக இருக்க வேண்டும். சுண்ணாம்புக் களியைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு நாள் இடைவெளியில் நான்கு, ஐந்து தடவை மெல்லியதாக அடியுங்கள். ஒவ்வொரு தடவையும் முன்னதாகச் சுவரை நனைக்க வேண்டும். கனமாக அடித்தால் தூளாக உதிரும். பழைய நிறம் என்னவென்று அறிய இறவாணத்துக்குக் கீழே, மழை படாத மூலையில் உப்புத்தாளால் ஒரு நாணய அகலத்துக்குத் தேய்த்தால், ஒவ்வொரு காலத்து நிறமும் வளையம் வளையமாகத் தெரியும். சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யவே வேண்டாம், மென்செங்கலின் சுட்ட தோல் போய்விடும்.

மரமும் மற்றவையும்

உத்தர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஒரு விரல்கடை உள்ளே போனால் அழுகல். முழு உத்தரத்தையும் எடுக்கத் தேவையில்லை. நல்ல மரம் தொடங்கும் இடம்வரை வெட்டி, சென்கால் என்னும் வன்மரத் துண்டைச் சேர்த்து போல்ட் போடலாம், அளவைப் பொறியாளர் சொல்ல வேண்டும். சுவர்க்குழியில் மரத்தைச் சுற்றி அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். பங்குச் சுவரில் கான்கிரீட் உத்தரம் செருகுமுன் அண்டை வீட்டாரிடம் பேசுங்கள், அது அவர்களுக்கும் சுவர்தான்.

சாய்வுப் பலகை வைத்த மர ஜன்னல்களை அலுமினியமாக்க வேண்டாம். உள்பக்கம் கண்ணாடிச் சட்டம் சேர்த்தால் குளிரூட்டியும் போடலாம், பலகையும் மிஞ்சும். குளிரூட்டியின் வெளிப்பெட்டி பின்சுவருக்கு. முற்றத்தை மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கூரையை ஓரடி உயர்த்தி நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். அடுக்களை, குளியலறை மாற்றங்களைப் பின்கட்டிலேயே செய்துகொள்ளுங்கள், அங்கே மன்றமும் பொதுவாக விட்டுக்கொடுக்கும்.

மேல்மாடியைப் பறவை வீடாக்கிக் கூடு விற்கலாம் என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். கூடு தரும் உழவாரக் குருவிக்கு 80, 90 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும், அதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் தூவுவார்கள். மேலே சொன்ன அத்தனை வேலையும் வீண், அண்டை வீட்டுச் சுவரும் சேர்ந்து கெடும்.

வேலை முடிந்ததும் ஐம்பது நல்ல ஓடுகளையும் ஒரு வாளி களியையும் மூடி வைத்துக்கொள்ளுங்கள். களி தண்ணீருக்கடியில் இருக்கும்வரை கெடாது. முதல் மழைக்காலம் முடிந்ததும் சுவரடியைச் சுற்றிப் பார்த்து, உப்பு பூத்த இடங்களைத் துடைத்து, உதிர்ந்ததைச் சுரண்டி, அதே களியில் ஒட்டுப்போடுங்கள்.